நஞ்சைக் காட்டும் ஒளி

பாதரசம் என்னும் பொருளைத் தமிழ் மக்கள் நெடுங்காலமாக அறிவர். நீர்போல ஓடும் அவ்வுலோகத்தைக் கட்டி மணியாக்க முயன்ற சித்தர்களைப் பற்றிய கதைகள் இன்றும் வழங்குகின்றன. காய்ச்சலை அளக்கும் கண்ணாடிக் குழாயினுள் அடைபட்டு, அது பல வீடுகளிலும் வைத்தியசாலைகளிலும் இடம்பெற்றிருந்தது. குழாய் உடைந்து சிந்திய துளிகளை விரலால் உருட்டி விளையாடிய சிறுவர் பலர். வெள்ளி போன்ற நிறமும், கையில் அகப்படாது ஓடும் இயல்பும் கண்ணைக் கவர்ந்தனவேயன்றி அச்சத்தை விளைவிக்கவில்லை.

ஆனால் அதே பொருள் சேர்வையாக மாறி ஓர் உயிரின் உடலுக்குள் புகுந்துவிட்டால், அதன்பின் அதனைக் கண்ணால் காண இயலாது. மீனின் தசையில் அது கலந்திருக்கும்போது நிறத்தாலும் மணத்தாலும் சுவையாலும் அறிதல் முடியாது. ஈயமும் கட்மியமும் இத்தகையனவே. பாம்பு தீண்டினால் கடிவாய் தெரியும். கெட்ட உணவை உண்டால் அன்றே வயிறு அறிவிக்கும். பார உலோகங்கள் எனப்படும் இவையோ ஓசையின்றிப் புகுந்து, சிறிது சிறிதாகச் சேர்ந்து, மாதங்களும் ஆண்டுகளும் கழிந்த பின்னரே தம் வேலையை வெளிப்படுத்துகின்றன. வெளிப்படும்போது நரம்பும் மூளையும் சிறுநீரகமும் பழுதுபட்டிருக்கும்.

கண்ணுக்குத் தெரியாத இந்நஞ்சை, உயிருள்ள கலத்தைக் கொல்லாமல், அது தங்கியிருக்கும் இடத்திலேயே ஒளி காட்டச் செய்யும் ஒரு முறையை இரசாயன அறிஞர் வகுத்துள்ளனர். அதற்குப் பயன்படும் பொருள்களை ஒளிர்காட்டிகள் எனலாம். இத்தகைய கருவி எதற்காக வேண்டப்பட்டது என்பதை உணர்வதற்கு, யப்பான் நாட்டின் கடற்கரைப் பட்டினம் ஒன்றின் வரலாற்றை முதலில் அறிதல் நலம்.

யப்பானின் தென்பகுதியாகிய கியூசு தீவிலே, சிரனுய் கடலை அடுத்து, மினமாட்டா என்னும் பட்டினம் உளது. அங்கே சிசோ என்னும் கம்பனியின் தொழிற்சாலை 1932ஆம் ஆண்டு முதல் அசற்றல்டிகைட்டு என்னும் இரசாயனப் பொருளை உற்பத்தி செய்து வந்தது. உற்பத்தியைத் துரிதப்படுத்தும் ஊக்கியாகப் பாதரச உப்பு ஒன்று பயன்பட்டது. அதில் ஒரு சிறு பகுதி அவ்வேலையின்போதே மெதயில் பாதரசம் என்னும் சேர்வையாக மாறிக் கழிவுநீருடன் குடாவிற் கலந்தது. கடலில் வாழும் நுண்ணுயிர்களிலும், அவற்றை உண்ட சிறு மீன்களிலும், சிறு மீன்களை உண்ட பெரு மீன்களிலும் அது படிப்படியாகச் செறிந்தது. மீனையே தொழிலாகவும் உணவாகவும் கொண்ட கடற்றொழிலாளர் குடும்பங்களை அது இறுதியில் வந்தடைந்தது.

முதலில் நோயுற்றவை பூனைகள். அவை தள்ளாடின, சுழன்றன, வலிப்புற்று வீழ்ந்தன. பின்னர் மனிதர்க்கும் அதே நிலை வந்தது. 1956ஆம் ஆண்டு ஏப்பிரல் மாதத்தில், நடக்கவும் பேசவும் இயலாதவராய் இரு சிறுமியர், உடன்பிறந்த சகோதரியர், தொழிற்சாலையைச் சார்ந்த வைத்தியசாலைக்குக் கொண்டுவரப்பட்டனர். அவ்வைத்தியசாலையின் தலைவரான ஹஜிமே ஹொசோகவா, காரணம் அறியப்படாத மூளை நோய் ஒன்று பரவுகின்றது என 1956 மே 1ஆந் திகதி சுகாதாரப் பகுதியினருக்கு அறிவிக்கச் செய்தார். கை கால் விறைத்தல், பார்வை ஒடுங்குதல், செவி மந்தமாதல், நா குழறுதல், நடை தடுமாறல் என்பன அந்நோயின் குறிகள்.

நோயின் குறிகள் தெரிந்தன. நோயை விளைவித்த பொருள் தெரியவில்லை. தொற்று நோயென்று முதலில் அஞ்சியமையால் நோயுற்ற குடும்பங்களை அயலார் ஒதுக்கினர். குமமோற்றோப் பல்கலைக்கழகத்து மருத்துவர்கள் ஆராய்ந்தபோது, தொற்று நோயன்று, பார உலோக நஞ்சு என்பது புலனாயிற்று. ஆயினும் எந்த உலோகம்? கழிவுநீரிலே பல உலோகங்கள் இருந்தன. மங்கனீசு என்றனர், பின்னர் செலனியம் என்றனர், அதன்பின் தலியம் என்றனர். 1958ஆம் ஆண்டில் அங்குச் சென்று நோயாளரைக் கண்ட ஆங்கில நரம்பியல் மருத்துவர் டக்ளஸ் மக்கல்பைன், இந்நோய்க் குறிகள் இங்கிலாந்தில் விதைகளுக்கு இடும் பாதரச மருந்தைச் செய்த தொழிலாளரிடையே காணப்பட்டனவற்றை ஒத்திருப்பதைக் குறிப்பிட்டார். அத்தொழிலாளரைப் பற்றிய அறிக்கை 1940ஆம் ஆண்டிலேயே வெளிவந்திருந்தது. 1959ஆம் ஆண்டு யூலை மாதத்தில், சேதனப் பாதரசமே காரணம் என்று பல்கலைக்கழகத்தார் அறிவித்தனர். கழிவு வாய்க்காலின் வாயிலிருந்த சேற்றிலே ஒரு தொன்னுக்கு ஏறத்தாழ 2 கிலோகிராம் பாதரசம் இருந்தது. நோயாளரின் தலைமயிரிலே பத்து இலட்சத்தில் 705 பங்கு வரை காணப்பட்டது.

இவ்வளவு தெரிந்த பின்னரும் துன்பம் ஓயவில்லை. ஹொசோகவா தொழிற்சாலைக் கழிவுநீரைப் பூனைக்கு உணவுடன் கலந்து கொடுத்துப் பார்த்தார். 400 என்னும் இலக்கமிடப்பட்ட பூனை 1959 ஒக்டோபரில் அதே நோய்க்கு ஆளாயிற்று. அம்முடிவைக் கம்பனி நிருவாகம் வெளியிடவில்லை. 1970ஆம் ஆண்டில், நோய்ப் படுக்கையிலிருந்தவாறே, ஹொசோகவா நீதிமன்றத்தாருக்கு அதனைச் சாட்சியமாகக் கூறினார். பாதரசத்தைப் பயன்படுத்திய அவ்வுற்பத்தி 1968ஆம் ஆண்டு மே மாதத்திலேதான் நின்றது. தொழிற்சாலைக் கழிவே நோய்க்குக் காரணம் என அரசு ஒப்புக்கொண்டது அவ்வாண்டு செப்ரெம்பரில். சிறுமியர் இருவரும் வைத்தியசாலைக்கு வந்த நாளிலிருந்து பன்னிரண்டு ஆண்டுகள் கழிந்திருந்தன. அரசு முறையாக ஏற்றுக்கொண்ட நோயாளரின் தொகை பின்னர் 2,200ஐக் கடந்தது.

அந்நோயின் மிகக் கொடிய பகுதி தாயின் வயிற்றில் நிகழ்ந்தது. நஞ்சு சூல்வித்தகத்தைக் கடந்து கருவைச் சென்றடையாது என்பதே அக்காலத்து மருத்துவரின் நம்பிக்கை. ஆயினும் நோய்க்குறி பெரிதுமில்லாத தாய்மார் சிலர், மூளை பழுதுற்ற குழந்தைகளைப் பெற்றனர். கருவிலேயே நஞ்சுற்ற குழந்தைகள் இவர்கள் என்பது 1962ஆம் ஆண்டில் ஏற்றுக்கொள்ளப்பட்டது. யப்பானியக் குடும்பங்களில் குழந்தையின் தொப்புட்கொடியை உலர்த்திப் பெட்டியிலிட்டுப் பேணும் வழக்கம் உண்டு. அப்பெட்டிகள் பின்னர் திறக்கப்பட்டன. உலர்ந்த கொடிகளில் மெதயில் பாதரசம் அளக்கப்பட்டது. எந்த ஆண்டிற் பிறந்த குழந்தையின் உடலில் எவ்வளவு நஞ்சு புகுந்தது என்பதை அக்கொடிகள் கூறின. ஆனால் அக்குழந்தைகளுக்கு அதனாற் பயனில்லை, காலம் கடந்துவிட்டது.

இவ்வரலாற்றிலே இருவகைத் தாமதங்களைக் காணலாம். ஒன்று அறியாமையால் வந்தது. மற்றொன்று அறிந்ததை மறைத்தமையால் வந்தது. இரண்டாவதற்கு இரசாயனவியலில் மருந்தில்லை. முதலாவதற்கு உண்டு. அம்மருந்தைத் தேடியவர்களின் முயற்சிகளுள் ஒன்றே ஒளிர்காட்டி.

பார உலோகத்தை அளக்கும் முறைகள் முன்னரும் இருந்தன, இன்றும் இருக்கின்றன. தசையையோ மயிரையோ நீரையோ எடுத்து, வலிமைமிக்க அமிலத்திற் கரைத்து, பாதரசத்தை ஆவியாக்கி, அவ்வாவி எவ்வளவு ஒளியை உறிஞ்சுகின்றது எனப் பார்ப்பர். நூறு கோடியில் ஒரு பங்கையும் இம்முறை திட்டமாகக் கூறும். நீரிலும் உணவிலும் நஞ்சின் அளவை விதிக்கும் சட்டங்கள் இத்தகைய அளவீடுகளையே சார்ந்துள்ளன. எனினும் இதில் ஒரு குறை உண்டு. ஒரு வீட்டை இடித்துக் குவித்த பின்னர் அதிலிருந்த பொன்னைப் பொறுக்கி நிறுப்பதற்கு இதனை ஒப்பிடலாம். பொன் எத்தனை பவுண் என்பது தெரியும். எந்த அறையில், எந்தப் பெட்டகத்தில், யார் கையில் இருந்தது என்பது தெரியாது. வீடும் எஞ்சுவதில்லை.

நஞ்சைப் பொறுத்தவரையில் இருப்பிடமே பெரிது. உடல் எண்ணற்ற கலங்களால் ஆனது. ஒவ்வொரு கலமும் ஒரு சிறு நகரம் போன்றது. எல்லைச் சுவராக மென்சவ்வு உண்டு. ஆட்சிபீடமாகக் கரு உண்டு. சக்தியை வழங்கும் இழைமணிகள் உண்டு. எல்லா வேலைகளையும் நடத்தும் நொதியங்கள் உண்டு. இந்நொதியங்கள் பலவற்றின் உயிர்நிலையிலே கந்தகமும் ஐதரசனும் சேர்ந்த ஒரு தொகுதி அமைந்திருக்கிறது. கந்தகத்தின்மீது பாதரசத்துக்கு அடங்காத வேட்கை. இத்தகைய கந்தகச் சேர்வைகளை 1830களில் ஆராய்ந்த டென்மார்க்கு அறிஞர் சைசே, அவற்றிற்கு இலத்தீன் மொழியிலே ‘பாதரசத்தைப் பற்றுவன’ எனப் பொருள்படும் மேக்கப்ரன் என்னும் பெயரை இட்டார். பாதரசம் அத்தொகுதியிற் சென்று ஒட்டிக்கொண்டவுடன் நொதியம் செயலிழக்கிறது.

வேறு சூழ்ச்சியும் உண்டு. மெதயில் பாதரசம் சிஸ்ரீன் என்னும் அமினோ அமிலத்துடன் சேரும்போது, உடலுக்கு இன்றியமையாத மெதியோனீன் என்னும் மற்றோர் அமினோ அமிலத்தின் உருவத்தை ஒத்துவிடுகிறது. மூளையின் குருதிக் குழாய்களிலே காவல் மிகக் கடுமை. எனினும் மெதியோனீனை உள்ளே ஏற்றிச் செல்லும் வாயில், வேடமிட்டு வரும் இந்நஞ்சையும் ஏற்றிச் செல்கிறது. ஈயம் கல்சியத்தின் வேடத்திலும், கட்மியம் நாகத்தின் வேடத்திலும் இவ்வாறே புகுகின்றன. ஆகவே, உடலில் மொத்தம் எவ்வளவு நஞ்சு என்று கேட்பதனோடு அமையாது, எந்தக் கலத்தில், கலத்தின் எந்தப் பகுதியில், எப்பொழுது என்று கேட்கவேண்டியதாயிற்று. இவ்வினாக்களுக்கு இறந்த கலம் விடை கூறாது. உயிருள்ள கலத்தையே கேட்டல் வேண்டும்.

அதற்கு வழிகாட்டியது ஒளி. முற்காலத்தில் மலேரியாக் காய்ச்சலுக்குக் கொயினா மருந்து கொடுத்ததை முதியோர் அறிவர். அம்மருந்தின் கரைசல் நீர்போலத் தெளிவானது. ஆனால் அதனை வெயிலிற் பிடித்தால் அதன் மேற்பரப்பிலே மெல்லிய நீலநிறம் தோன்றும். இதனை 1845ஆம் ஆண்டில் ஜோன் ஹேர்ஷல் என்னும் ஆங்கில அறிஞர் குறித்துவைத்தார். 1852ஆம் ஆண்டில் கேம்பிறிட்ஜ் பல்கலைக்கழகத்துப் பேராசிரியர் ஜோர்ஜ் ஸ்ரோக்ஸ் அதன் காரணத்தை விளக்கினார். ஞாயிற்றொளியிலே கண்ணுக்குப் புலப்படாத ஊதாக் கடந்த கதிர்கள் உள. கொயினாவின் மூலக்கூறு அக்கதிரை உறிஞ்சிக் கிளர்ச்சியுறுகிறது. பெற்ற சக்தியிற் சிறிதைத் தன் அதிர்வில் இழக்கிறது. எஞ்சியதைச் சக்தி குறைந்த நீலவொளியாக வெளிவிடுகிறது. இவையனைத்தும் ஒரு செக்கனை நூறு கோடியாகப் பகுத்தால் வரும் சில கூறுகளுள் நிகழ்ந்து முடிகின்றன. புளோர்ஸ்பார் என்னும் கனிப்பொருளும் இவ்வாறு ஒளிர்வதனால், ஸ்ரோக்ஸ் இதற்குப் புளோரொளிர்வு எனப் பெயர் சூட்டினார்.

புகும் ஒளி ஒரு நிறம், வரும் ஒளி வேறொரு நிறம் என்பதே இங்கு முதன்மையானது. புகும் நிறத்தைத் தடுத்து வரும் நிறத்தை மட்டும் விடும் கண்ணாடியை இடையில் வைத்தால், பின்புலம் முழுவதும் இருளாகிவிடும். ஒளிரும் பொருள் மட்டும் தெரியும். பகலிலே காணப்படாத விண்மீன் இரவிலே தெரிவதும் இதனாலன்றோ? ஆகையால் மிகமிகச் சிறிய அளவு ஒளிர்பொருளையும் கண்டுகொள்ளலாம். 1871ஆம் ஆண்டில் ஜேர்மானிய அறிஞர் அடொல்வ் வொன் பாயர் புளோரசீன் என்னும் பச்சையொளி வீசும் சாயத்தை ஆக்கினார். ஆறு ஆண்டுகளின் பின், தன்யூப் ஆற்றில் அச்சாயத்தைக் கரைத்துவிட்டனர். நிலத்தினுள்ளே மறையும் அவ்வாற்று நீர், தொலைவிலுள்ள ஆக் என்னும் ஊற்றிலே வெளிப்படுவதை அச்சாயம் நிறுவிற்று. மண்ணுள் மறைந்த நீரின் வழியைக் காட்டிய பொருள், கலத்துள் மறைந்த நஞ்சின் வழியைக் காட்டும் பொருள்களுக்கு மூதாதையாயிற்று.

ஆனால் எப்பொழுதும் ஒளிர்ந்துகொண்டிருக்கும் சாயத்தால் நஞ்சைக் காட்ட முடியாது. நஞ்சு இல்லாதபோது இருண்டும், நஞ்சு வந்தபோது ஒளிர்ந்தும் நிற்கும் பொருளே வேண்டும். அதாவது, நஞ்சின் கையே விளக்கை ஏற்றவேண்டும். இத்தகைய விளக்கை அமைக்கும் நெறியைத் தெளிவாக வகுத்தவர்களுள் இலங்கையர் ஒருவர் முன்னணியில் நிற்கிறார். கொழும்புப் பல்கலைக்கழகத்திற் கற்றுப் பின்னர் வட அயர்லாந்தின் பெல்பாஸ்ற் நகரிலுள்ள குயின்ஸ் பல்கலைக்கழகத்திற் பேராசிரியராக விளங்கிய ஏ. பிரசன்ன டி சில்வா என்பவரே அவர். சோடியம், பொற்றாசியம் போன்ற கார உலோகங்களின் அயன்கள் வந்து சேர்ந்தவுடன் ஒளிரத்தொடங்கும் மூலக்கூறுகளை அவர் உடனாய்வாளர் ஒருவருடன் சேர்ந்து 1986ஆம் ஆண்டில் அறிவித்தார்.

அவர் கையாண்ட அமைப்பு மூன்று உறுப்புகளை உடையது. முதலாவது, ஒளிரும் பகுதி. இதனை விளக்கு எனலாம். இரண்டாவது, குறித்த உலோகத்தை மட்டும் பற்றும் பகுதி. இதனைக் கை எனலாம். மூன்றாவது, இரண்டையும் தொடுக்கும் சிறு சங்கிலி. கையிலே நைதரசன் அணு ஒன்று பிணைப்பிலீடுபடாத இலத்திரன்களை வைத்திருக்கிறது. விளக்கு ஒளியை உறிஞ்சி, வெளிவிட ஆயத்தமாகும் அத்தறுவாயில், அவ்விலத்திரன்களுள் ஒன்று பாய்ந்து சென்று விளக்கை அணைத்துவிடுகிறது. உலோக அயன் வந்து கையில் அமர்ந்ததும் அவ்விலத்திரன்களைத் தன்பால் இறுக ஈர்த்துக்கொள்கிறது. அணைக்கச் செல்ல ஆளில்லை, விளக்கு எரிகிறது. கையின் வடிவத்தையும், அதிலுள்ள அணுக்களையும் மாற்றினால், வெவ்வேறு உலோகங்களை வெவ்வேறு காட்டிகள் தெரிந்தெடுக்கும். இந்நெறி நோயாளியின் குருதியிலுள்ள உப்புகளை அளக்கும் கருவிகளிலும் இடம்பெற்றுள்ளது.

இனி, காட்டியைக் கலத்தினுள் எவ்வாறு செலுத்துவது? நீரிற் கரையும் காட்டிகள் மின்னேற்றம் உடையன. கொழுப்பாலான மென்சவ்வு அவற்றை உள்ளே விடாது. ஊசியாற் குத்திச் செலுத்தினால் கலம் புண்படும். அமெரிக்க அறிஞர் ரொஜர் சியென் 1981ஆம் ஆண்டில் இதற்கு ஓர் உபாயங் கண்டார். மின்னேற்றமுள்ள பகுதிகளைச் சிறு முகமூடிகளால் மூடிவிட்டார். மூடிய காட்டி மென்சவ்வினூடே எளிதாக நுழைந்தது. உள்ளே கலத்தின் சொந்த நொதியங்களே அம்முகமூடிகளை வெட்டி நீக்கின. முகமூடி இழந்த காட்டி வெளியேற வழியின்றி உள்ளேயே தங்கிற்று. இவ்வாறு உயிருள்ள கலத்திலே கல்சியம் எழுவதையும் தணிவதையும் கண்ணாற் காண முடிந்தது. வேடமிட்டுப் புகும் நஞ்சைக் காண்பதற்கு அறிஞரும் வேடமிட்டே புகவேண்டியதாயிற்று. சியென், சொறிமீனிற் கண்டெடுக்கப்பட்ட பச்சையொளிப் புரதத்தைப் பற்றிய ஆராய்ச்சிக்காக 2008ஆம் ஆண்டின் நோபெல் பரிசை வேறிருவருடன் பகிர்ந்துகொண்டார்.

பாதரசத்தைக் காண்பதில் மற்றோர் இடர் இருந்தது. பாதரசம் போன்ற பாரமான அணுக்கள் அருகில் வந்தாலே ஒளிர்வை அணைத்துவிடும் இயல்புடையன. விளக்கை ஏற்றவேண்டிய கையே அதனை அணைத்தால் என் செய்வது? அறிஞர்கள் வேறு வழியை நாடினர். ரொடமின் என்னும் செஞ்சாயத்தின் மூலக்கூறிலே ஒரு சிறு வளையத்தை மூடிவிட்டால், அது நிறமும் ஒளியும் அற்றதாகிவிடும். வளையம் திறந்தால் இளஞ்சிவப்பு நிறமும் செவ்வொளியும் தோன்றும். இவ்வளையத்திற்கு ஒரு தாழ்ப்பாள் இட்டு, அத்தாழ்ப்பாளிலே கந்தக அணு ஒன்றைத் தென்கொரிய ஆராய்ச்சியாளர் வைத்தனர். பாதரசம் எங்கிருப்பினும் கந்தகத்தை நாடி வருமன்றோ? வந்தது, கந்தகத்தைப் பற்றிப் பிடுங்கிற்று, தாழ் திறந்தது, ஒளி பிறந்தது. கந்தகத்தைப் பிடுங்கிய பாதரசம் அதனுடன் சேர்ந்து விலகிவிடுவதனால், ஒளியை அணைக்கவும் அது அருகில் இல்லை. 2005ஆம் ஆண்டில் வெளியான இவ்வமைப்பின் நுட்பம் வியத்தற்குரியது. எந்தக் குணம் பாதரசத்தை நஞ்சாக்குகிறதோ அந்தக் குணமே அதனைக் காட்டிக்கொடுக்கிறது.

அடுத்த ஆண்டில் அவ்வகைக் காட்டியை உயிருள்ள கலங்களிலும், வரிக்குதிரை மீன் எனப்படும் சிறு மீனிலும் சோதித்தனர். தெற்காசிய நீர்நிலைகளில் வாழும் இம்மீனின் கரு கண்ணாடிபோல ஊடுகாட்டுவது. உறுப்புகள் உருவாவதை வெளியிலிருந்தே காணலாம். பாதரசங் கலந்த நீரில் விடப்பட்ட மீனின் உடலிலே, நஞ்சு சென்று தங்கிய இடங்கள் நுணுக்குக்காட்டியின் கீழ் ஒளிர்ந்தன. அதே 2006ஆம் ஆண்டில், அமெரிக்காவின் பேர்க்கிலிப் பல்கலைக்கழகத்தில் கிறிஸ்ரபர் சாங் என்பவரும் அவர்தம் கூட்டத்தினரும் உயிருள்ள கலத்திலே ஈயத்தைக் காட்டும் ஒளிர்காட்டியை ஆக்கினர். மினமாட்டாவின் நஞ்சாகிய மெதயில் பாதரசத்தையும் உணரக்கூடிய காட்டி ஒன்றைத் தென்கொரியர் 2009ஆம் ஆண்டில் வெளியிட்டனர். தாயின் உடலைக் கடந்து கருவை நஞ்சு அடையுமோ என்று 1950களில் ஐயுற்ற மருத்துவருக்கு, வளரும் கருவொன்றிலே நஞ்சின் ஒளியைக் காட்டியிருந்தால் அவ்வையம் எவ்வளவு விரைவில் அகன்றிருக்கும்!

எனினும் இக்கருவியின் எல்லைகளையும் கூறுதல் முறையாகும். கலத்தினுள்ளே குளுற்றதயோன் என்னும் கந்தகச் சேர்வை மிகுதியாக உண்டு. பாதரசத்திற் பெரும்பகுதியை அது முன்னரே பற்றிக்கொள்கிறது. ஆதலால் ஒளிர்காட்டி காண்பது, இறுகப் பிணைபடாது உலவும் பகுதியையே, உள்ளதனைத்தையும் அன்று. தாழ் திறந்து ஒளிரும் வகை, ஒருமுறை ஒளிர்ந்தால் மீண்டும் அணைவதில்லை; எனவே நஞ்சு வந்ததை அது கூறும், போனதைக் கூறாது. வெள்ளியும் செப்பும் சில காட்டிகளை ஏமாற்றிவிடும். காட்டியும் ஓர் அந்நியப் பொருளே. மிகுதியாக இட்டால் கலத்தின் இயல்பை அதுவே மாற்றிவிடும். வலிய ஒளியை நெடுநேரம் பாய்ச்சினால் கலம் வாடும். ஒளி தடித்த தசையை ஊடுருவிச் செல்லாது. ஆகவே மனிதனின் மூளையிலுள்ள பாதரசத்தை இம்முறையாற் காண இயலாது. இது வைத்தியசாலைக்குரிய சோதனையன்று, ஆய்கூடத்துக்குரிய கண். அளவைத் திட்டமாகக் கூறுவதற்குப் பழைய முறையும், இருப்பிடத்தையும் போக்கையும் காண்பதற்குப் புதிய முறையும் என இரண்டும் சேர்ந்தே உண்மையை முழுமையாக்குகின்றன.

அவ்வெல்லைகளுக்குள்ளே அது செய்யும் பணி பெரிது. நஞ்சு கலத்தின் எந்தப் பகுதியை முதலில் நாடுகிறது, எந்த மருந்து அதனை அங்கிருந்து அகற்றுகிறது, கரு வளரும் பருவத்தில் எவ்வளவு சிறிய அளவும் தீங்காகிறது என்னும் வினாக்களுக்கு விடை தேடுவோர், இன்று இருளில் தடவவேண்டியதில்லை. அவ்விடைகளின் தேவையும் குறைந்துவிடவில்லை. பாதரசத்தின் பயனையும் கழிவையும் கட்டுப்படுத்தும் உலக உடன்படிக்கை, மினமாட்டா அமைந்துள்ள குமமோற்றோ மாகாணத்திலேயே 2013ஆம் ஆண்டு ஒக்டோபரில் ஏற்றுக்கொள்ளப்பட்டு, 2017 ஓகஸ்ற் மாதத்தில் நடைமுறைக்கு வந்தது. அது மினமாட்டாவின் பெயரையே தாங்கி நிற்கிறது. ஆயினும் தென்னமெரிக்காவிலும் ஆபிரிக்காவிலும் ஆசியாவின் சில பகுதிகளிலும் ஏழைத் தொழிலாளர் மண்ணிலிருந்து பொன்னைப் பிரித்தெடுப்பதற்குப் பாதரசத்தைக் கையாற் பிசைந்து, தீயில் ஆவியாக்குகின்றனர். அந்நஞ்சு ஆற்றிலும் காற்றிலும் கலக்கிறது. அவ்வாறுகளிலும் மீன் உண்டு. கரைகளிலே குழந்தைகளும் உளர்.

மினமாட்டாவில் இரு தாமதங்கள் நேர்ந்தன என்பதை மீண்டும் நினைவுகூரல் வேண்டும். அறியாமையால் வந்த தாமதத்தை, உயிருள்ள கலத்திலே ஏற்றப்படும் இச்சிறு விளக்குகள் குறைக்கும். மறைத்தமையால் வந்த தாமதத்தை எந்த விளக்கும் குறைக்கமாட்டாது. நானூறாம் பூனையின் நோயை ஹொசோகவா தம் கண்ணாற் கண்டார்; அங்கே குறைந்தது ஒளியன்று. ஒரு நஞ்சு ஒளிர்ந்து தன்னைக் காட்டும்போது, அதனைக் கண்டவர் வாய்திறந்து கூறவும், கேட்டவர் உடனே வாய்க்காலை அடைக்கவும் முன்வரல் வேண்டும். காட்டுவது இரசாயனவியலின் கடமை. கண்டதன்படி நடப்பது மக்களின் கடமை.